ஊசியும் மூலிகையும்: அளந்து பார்த்து ஏற்போம்

 

ஆலங்குடாவிலும் கற்பிட்டிக் கரையோரக் கிராமங்களிலும் இடுப்பு வலியோ முழங்கால் வலியோ இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கருவாடு காயப்போடுவதும், கிணற்றில் நீரள்ளுவதும், வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிற்பதும் நமது பெண்களின் முதுகைத் தேய்த்துவிடுகின்றன. கிளினிக்கில் தந்த குளிசை முடிந்ததும், "சீன வைத்தியம் செய்து பாருங்கள், ஊசி குத்தினால் வலி பறந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். வெளிநாட்டில் தொழில் செய்யும் மகள் சீன எழுத்துப் போட்ட போத்தல் ஒன்றை அனுப்பி வைப்பாள். இது மார்க்கத்தில் ஆகுமா? இதனால் குணம் கிடைக்குமா? இப்படித் தாய்மார் கேட்பதுண்டு.

முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது. நோய்க்கு மருந்து தேடுவது ஆகுமானதே. அதை அறிந்தவர் எந்த நாட்டவர் என்பது பொருட்டல்ல. விலக்கப்பட்ட பொருள் அதில் கலந்திருக்கக் கூடாது, உடலுக்குக் கேடு விளைவிக்கவும் கூடாது. இரண்டாவது கேள்விக்கோ ஃபத்வாவால் விடை சொல்ல முடியாது. அதற்குப் பரீட்சை வேண்டும்.

பரீட்சை என்றதும் இது மேலைநாட்டார் கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டாம். 1037இல் மறைந்த இப்னு ஸீனா அவர்கள் "அல்கானூன்" நூலின் இரண்டாம் பகுதியில் மருந்தைச் சோதிப்பதற்கு விதிகள் வகுத்திருக்கிறார்கள். ஒருமுறை குணம் கண்டது போதாது, பலரிடத்தில் திரும்பத் திரும்பக் காண வேண்டும். மிருகத்தில் பலித்தது மனிதனிலும் பலிக்கும் என்று எண்ணக் கூடாது. இவை அவ்விதிகளுட் சில. இந்த அளவுகோலைக் கையிலெடுத்துச் சீன வைத்தியத்தை அளந்து பார்ப்போம்.

முதலில் அதன் பெரும் வெற்றியைப் பார்ப்போம். மலேரியாக் காய்ச்சலைப் புத்தளம் மாவட்டத்தின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1934-35இல் பரவிய மலேரியா இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. இந்நோய்க்கு மருந்து தேடுமாறு சீன அரசு 1967இல் ஓர் இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பணியாற்றிய தூ யூயூ என்ற பெண்மணி பழைய ஏடுகளைப் புரட்டினார். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்பவரின் நூலில் 'சிங்ஹாவோ' என்ற செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் முறை இருந்தது. காய்ச்சிக் குடிக்குமாறு சொல்லப்படவில்லை! சூடு அதன் சத்தை அழித்துவிடலாம் என்று ஊகித்த அவர், குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்தார். மிருகங்களில் சோதித்த பின், 1972இல் தாமும் சக பணியாளரும் அதை உட்கொண்டு பார்த்து, அதன் பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுவே ஆர்ட்டெமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நமது நாடு 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. இரத்தப் பரிசோதனை, நுளம்பு வலை, மருந்து தெளித்தல், சிகிச்சை என எல்லாம் சேர்ந்து தந்த பலன் அது. இங்கே நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. பழைய நூல் வழியைக் காட்டியது, சோதனைதான் மருந்தைத் தந்தது. அச்செடியைத் தேநீராகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கவில்லை. அதில் மருந்தின் அளவு நிலையாக இருப்பதில்லை.

அடுத்து அக்குபங்சர் எனும் ஊசி வைத்தியம். இது நமக்குப் புதிதன்று. ஆங்கில வைத்தியம் கற்ற வாதநோய் நிபுணர் அன்டன் ஜயசூரிய, 1970களில் சீனாவில் இதைப் பயின்று வந்து, களுபோவில அரசாங்க வைத்தியசாலையிலேயே நடத்தினார். ஆதாரம் என்ன சொல்கிறது? நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரை ஜெர்மனியில் மூன்று பிரிவாக்கிச் சோதித்த முடிவு 2007இல் வெளியானது. ஆறு மாதத்தின் பின், முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதத்தினர் பலன் கண்டனர். மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 சதவீதத்தினரே பலன் கண்டனர். ஆனால் சீன நூல் கூறும் புள்ளிகளை விட்டு வேறிடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 சதவீதத்தினர் குணம் கண்டனர்! ஆகவே வலிக்கு ஊசி உதவுகிறது என்பது உண்மை. இன்ன புள்ளியில்தான் குத்த வேண்டும் என்ற கொள்கைக்கு இச்சோதனை வலுச் சேர்க்கவில்லை.

சத்திர சிகிச்சைக்குப் பின்வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும் மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள புள்ளியைத் தூண்டுவது உதவுகிறது என்பதை 59 சோதனைகளை ஒன்றுசேர்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கர்ப்ப கால வாந்திக்கு ஆதாரம் அந்தளவு உறுதியானதல்ல. நீரிழிவு, இருதய அடைப்பு, புற்றுநோய் ஆகியவற்றை ஊசி குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புற்றுநோயாளியின் வலியையும் வாந்தியையும் சற்றுக் குறைக்கலாம், அவ்வளவே. சிகிச்சையின் பக்கத்தில் நிற்க வேண்டியதைச் சிகிச்சையின் இடத்தில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

இயற்கை மூலிகைதானே, கெடுதி என்ன என்று கேட்கும் சகோதரிகள் பெல்ஜியத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய விரும்பிய பெண்களுக்குச் சீன மூலிகைக் குளிசை கொடுக்கப்பட்டது. பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து மூலிகை சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. அவர்களில் 39 பேரை ஆராய்ந்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. நம் நாட்டு வைத்தியத்தில் வரும் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் இதே இனத்தவை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே சகோதரிகளே, சில காரியங்களைக் கடைப்பிடியுங்கள். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் வைத்தியர் தந்த மருந்தை அவரைக் கேளாது நிறுத்தாதீர்கள். வேறு மருந்து எதுவாயினும் அந்தப் போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர் சில சீன மூலிகைகளைச் சேர்த்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். "மூலிகை" என்று விற்கப்பட்ட சில சீனிக் குளிசைகளில் ஆங்கில மருந்தே ஒளித்துக் கலக்கப்பட்டிருந்ததும் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் குடிக்க வேண்டாம். அக்குபங்சருக்கோ ஹிஜாமாவுக்கோ போனால், புதிய உறையைப் பிரித்து எடுத்த ஊசி, பிளேட்டுதானா என்று பாருங்கள். ஒருவருக்குப் பாவித்தது இன்னொருவரைத் தொட்டால் ஈரல் அழற்சி தொற்றக்கூடும். நெஞ்சு வலி, கை கால் விறைப்பு, விடாத காய்ச்சல் என்றால் எந்த ஊசிக்காரரையும் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் தந்த உடலோ நம்மிடமுள்ள அமானிதம். அந்த உடலுக்குள் போவது எதுவாயினும், சீனத்திலிருந்து வந்தாலும் கொழும்பிலிருந்து வந்தாலும், சோதித்து அறிந்த பின்னரே போகட்டும்.