மரம் இழையாகும் விதம்

எம்.ரெட்டியபட்டியைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் வாழ்வோர்க்கு ஆடை என்றதும் பருத்தியே நினைவிற்கு வரும். மரத்தினின்றும் ஆடை பிறக்குமெனின் வியப்பன்றோ! பஞ்சிலும் மரத்திலும் உள்ளது செல்லுலோஸ் என்னும் ஒரே பொருளே. பஞ்சில் அது பெரும்பாலும் தூயதாய், நீண்ட இழையாய் விளைகின்றது; மரத்திலோ லிக்னின் முதலியவற்றோடு பிணைந்து, குறுநாராய்க் கிடக்கின்றது.

ஆதலின் மரத்தைச் சிறு துண்டுகளாக்கி, இரசாயனப் பொருள்களோடு வேகவைத்து, தூய கூழாக்குவர். கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டை சல்பைடு சேர்த்து, மீண்டும் சோடா நீரில் கரைப்பின் தேன்போன்ற பாகு கிட்டும். இதுவே விஸ்கோஸ். 1892ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டவர் கிராஸ், பெவன், பீடில் என்னும் ஆங்கிலேயர். பாகை நுண்துளைகளின் வழியே கந்தகத் திராவகத்துள் செலுத்த, அது மீண்டும் செல்லுலோஸாகி இழையாய் உறையும். அவ்விழையே ரேயான்.

தமிழகத்தில், பவானியாற்றங்கரையிலுள்ள சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை பல்லாண்டு நடந்தது. அதன் கழிவுநீர் ஆற்றைக் கெடுத்ததென மக்கள் முறையிட்டனர்; பின்னர் ஆலையும் மூடப்பட்டது. லயோசெல் என்னும் பிற்கால முறையிலோ கார்பன் டை சல்பைடு வேண்டுவதில்லை. கரைப்பானையும் ஏறக்குறைய முழுவதும் மீட்டு மறுபடி வழங்குவர்.

துளி நீரின் அருமையறிந்த நாம், இழையின் மென்மையை மட்டுமன்றி, அதனைக் கழுவிய நீர் சென்ற வழியையும் வினவுதல் தகும்.