விரல் போகும் இடம்

துடிப்பு: 9

சென்ற வாரம் கதையை, இதயச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் மேசையில் நிறுத்தியிருந்தேன். தொடை வழியாக ஏறிய ஒயர், என் நாடியைத் திடீர் திடீரென்று ஓடவைத்த, இதயத்துக்குள் இருந்த வேண்டாத பாதையைத் தேடிப் பிடித்துச் சுட்டுவிட்டது. “முடிஞ்சதும்மா, இனி வராது” என்றார் டாக்டர். மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவு திண்டுக்கல் வீட்டில் இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு காணாமல் போய், அடுத்தது ‘தொம்’மென்று உதைத்தது. விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. எண்ணினேன், 78. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன், 92. எழுந்துபோய், கொரோனா இரண்டாம் அலையில் வாங்கி அலமாரியில் போட்டிருந்த ஆக்ஸிமீட்டரைத் தேடியெடுத்து மாட்டினேன். 104. விடியும்வரை அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த கணவரை எழுப்பவில்லை.

ஏன் எழுப்பவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும், என் நோய்க்கு எட்டு வருடம் இருந்த பெயர் ‘டென்ஷன்’. வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்ச் போட்டாற்போல் நாடி 190-க்கு ஏறும். கால் மணி நேரத்தில் அதேபோல் சட்டென்று அடங்கும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஈ.சி.ஜி.யில் ஒன்றுமே இருக்காது. “வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?” என்று கேட்பார்கள். அத்தை வாயு என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார். ஒரு டாக்டர் மனப் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார், அதையும் இரண்டு வருடம் விழுங்கினேன்.

நான் ஒருத்தி மட்டுமல்ல என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இதே வகைத் துடிப்புக் கோளாறு உறுதியான 107 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேரின் அறிகுறிகள், மருத்துவப் புத்தகத்தில் பீதி நோய்க்குச் சொல்லியிருக்கும் அடையாளங்களோடு அப்படியே ஒத்துப்போயின. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் உண்மை நோய் பிடிபடவே இல்லை. மனசுதான் காரணம் என்று சொல்லி அனுப்பப்பட்டதில் பெண்களே அதிகம்.

அந்த எட்டு வருடமும் நான் போராடியது ஒரே ஒரு விஷயத்துக்காக: எனக்குப் பயம் இல்லை, இது இதயத்தின் கோளாறு. கடைசியில் ஒரு ஈ.சி.ஜி. தாள் அதை நிரூபித்தது, சிகிச்சையும் நடந்தது. கோளாறு தீர்ந்து வீடு திரும்பிய அன்று இரவே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? “பயமா இருக்கு” என்று வாயைத் திறந்தால், எட்டு வருடமும் அவர்கள் சொன்னதே சரி என்றாகிவிடுமே. ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வந்தது. காபியை விட்டேன். இடப்பக்கம் படுப்பதை விட்டேன். மாடி வகுப்பு வேண்டாம் என்று முழங்கால் வலியைச் சொல்லி கீழே மாற்றிக்கொண்டேன். கொடைக்கானலில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறிவிட்டால் வழியில் ஆஸ்பத்திரி கிடைக்காதோ என்ற பயம்தான் காரணம். அவளிடம் பரீட்சைப் பேப்பர் திருத்தணும் என்று சொன்னேன். அவள் முகம் வாடியது போனிலேயே தெரிந்தது.

ஒருநாள் மதிய இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி நானாக நடித்தாள். வலது கையில் சாக்பீஸ், இடது கையின் இரண்டு விரல்கள் கழுத்தில். பேசும்போதும் எழுதும்போதும் அந்த விரல்களை அவள் எடுக்கவே இல்லை. கேலிக்காகச் செய்யவில்லை குழந்தை. டீச்சர் என்றால் அப்படித்தான் நிற்பார் என்று நினைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம்தான் வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ராத்திரி அந்த லைட் எரியறதை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார்.

மதுரைக்குப் போய், சிகிச்சை செய்த அதே டாக்டரைப் பார்த்தோம். துடிப்புகளைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை இரண்டு நாள் மாட்டிவிட்டு, தாளை மேசையில் விரித்து அவர் விளக்கியதை முடிந்தவரை இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பும் முன்பே யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதில் சில துடிப்புகள் நேரத்துக்கு முன்பே வந்துவிடும். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு நாள் முழுக்க ஹோல்டர் மாட்டினாலும் பெரும்பாலும் சிலதாவது பதிவாகும். முந்திக்கொண்டு வரும் துடிப்பின்போது அறையில் ரத்தம் முழுதாக நிரம்பியிருக்காது, ஆகவே மணிக்கட்டில் அது தெரியாது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த நேரத்தில் அறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. நின்றுவிட்டது என்று நான் அலறிய இடத்தில் இதயம் நிரம்பிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரோடு நெருங்குவதால் சத்தம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

“முன்னாடியும் இந்த எக்ஸ்ட்ரா பீட்தான் உங்களுக்கு ஓட்டத்தைக் கிளப்பிவிட்டுச்சு. இப்பவும் அது வரும். ஆனா சுத்தி ஓடுறதுக்கு அந்த ரோடு இல்லை” என்றார். சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் இவை கூடுதலாகவே வரலாம், சுட்ட இடம் ஆற வேண்டும். இந்த வகைக் கோளாறில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது திரும்ப வருவதில்லை.

இந்த எக்ஸ்ட்ரா பீட்டையும் நிறுத்த மாத்திரை கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் 1989-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைச் சொன்னார். மாரடைப்பு வந்தவர்களுக்கு இத்தகைய துடிப்புகளை அடக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்புகள் அடங்கின. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில்தான் சாவு அதிகம். ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. “உங்க இதயம் நல்லா இருக்கு. அதை அதும்பாட்டுக்கு விடுங்க” என்றார்.

விடு என்பது சுலபம். விரலுக்கு அது தெரியவேண்டுமே. அவரே ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். போகும் வழியெல்லாம் அவமானமாக இருந்தது. அந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வியில் அது கரைந்தது: “எட்டு வருஷம் சொல்லாம கொள்ளாம அடிச்ச ஒரு பொருளு, இனிமே அடிக்காதுன்னு சொன்னா உடம்பு உடனே நம்பிடுமா?”

எண்ணுவதுதான் எண்ணிக்கையை ஏற்றுகிறது என்பதை அவர் எனக்குக் காட்டினார். பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது. அட்ரினலின் சுரந்தால் வேகமும் கூடும், எக்ஸ்ட்ரா பீட்டும் கூடும். அதை எண்ணிப் பார்த்து இன்னும் பயப்படுகிறோம். நடுவில் நாம் நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்று, விரல். அவர் கொடுத்த வீட்டுப்பாடம் வினோதமாக இருந்தது. நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடு, நெஞ்சு படபடக்கட்டும், பிறகு நாடியைத் தொடாமல் உட்கார். முதல் நாள் அழுதுவிட்டேன். பத்தாம் நாள் மூச்சு வாங்கியது, அழுகை வரவில்லை. இதே வழியை ஸ்வீடனில் வேறொரு துடிப்புக் கோளாறு உள்ள 127 பேரை வைத்து, இணையம் வழியாக 10 வாரம் செய்து பார்த்திருக்கிறார்கள். 2023-ல் முடிவு வந்தது. இந்த வழியில் பயிற்சி பெற்றவர்களுடைய அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது.

உண்மையாகவே திரும்பி வந்தால்? அதற்கும் வழி சொல்லிக்கொடுத்தார் டாக்டர். பயத்தின் படபடப்பு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். அந்தப் பழைய ஓட்டம் ஸ்விட்ச்தான், அது எனக்கு மறக்காது. வந்தால் 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாயை வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 நொடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுத்து, கூட இருப்பவர் காலைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு 15 நொடி. இங்கிலாந்தில் 2015-ல் வெளியான சோதனையில், இப்படிச் செய்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு ஓட்டம் நின்றது. வெறுமனே உட்கார்ந்தபடி ஊதியவர்களில் 17 பேருக்குத்தான். உங்கள் உடம்புக்கு இது பொருந்துமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கம் வந்தாலோ, நெஞ்சுவலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, ஓட்டம் நிற்காமல் போனாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த சிரிஞ்சைக் கைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றினேன். ஆலோசகர் கண்டுபிடித்துவிட்டார். “தெரிஞ்சு வச்சுக்கங்க, தூக்கிக்கிட்டுத் திரியாதீங்க” என்றார். இப்போது அது வீட்டில் மருந்து டப்பாவில் இருக்கிறது. ஆக்ஸிமீட்டரை எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு மலைக்கோட்டை ஏறினேன். பாறையில் வெட்டிய படிகளில் வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று அவள் முன்னால் ஓடினாள். பாதி தூரத்தில் அந்தத் ‘தொம்’ வந்தது. நின்றேன். விரல் கழுத்துக்குப் போனது. நாலைந்து எண்ணியிருப்பேன். அதற்குள் அவள் திரும்பி இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மூடியைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.