கொசு முட்டை காட்டிய வழி

ராயபுரத்தில் மூடாத தண்ணீர் டிரம்மில் முட்டையிடும் ஏடிஸ் எஜிப்தி கொசுதான் செல்லியலின் பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை தந்தது. செல்கள் அந்நியப் பொருளைச் சூழ்ந்துகொள்வதை உயிரியலாளர் மெச்னிகாஃப் 1882இல் நட்சத்திரமீனின் இளம் உயிரியில் கண்டிருந்தார். ஆனால் தேவையான புரதத்தை மட்டும் செல் எப்படிப் பொறுக்கி எடுக்கிறது?

1964இல் ஆய்வாளர்கள் ராத்தும் போர்ட்டரும் இந்தக் கொசுவின் சினைமுட்டையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கொசு ரத்தம் குடித்த 7 மணி நேரத்தில் முட்டையின் மேற்பரப்பில் குழிகள் 15 மடங்கு பெருகியிருந்தன! மஞ்சள்கருப் புரதம் குழியில் ஒட்டிச் சேர, குழி உள்வாங்கிக் குமிழாகப் பிரிகிறது. செல்லியலில் இவ்வளவு அழகான படங்கள் குறைவு. குழியின் அடியில் இருந்த உறைப் புரதத்தை 1976இல் பிரித்தெடுத்த பார்பரா பியர்ஸ், அதற்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டார். கிளாத்ரினின் மூன்று கால் கொண்ட மூலக்கூறுகள் பின்னிக்கொண்டு கூண்டாகின்றன.

டெங்கு வைரஸும் பெரும்பாலும் இதே குழி வழியாகத்தான் நம் செல்லுக்குள் நுழைகிறது. குமிழுக்குள் அமிலத்தன்மை ஏறியதும் வைரஸின் உறை குமிழின் சவ்வோடு கலந்து, வைரஸின் ஆர்என்ஏ செல்லுக்குள் இறங்குகிறது.