உங்களுக்குத் தெரியுமா? குதிரைமலைக் கரையும் வில்லுக்கரைக் கூடாரங்களும்

இலங்கையின் புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்தில் செம்மண் சரிவாக நிற்கிறது குதிரைமலை முனை. உச்சியில் ஒரு காலத்தில் பெரிய குதிரைச் சிலை இருந்ததாக ஊர்வழக்கு. இன்று அங்கே எஞ்சியிருப்பவை இடிபாடுகளே. ரோமானியரான பிளினி குறிப்பிடும் ஹிப்புரோஸ் துறைமுகம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்க முகாம் இடங்கள் உண்டு. 'வில்லு' எனப்படும் இயற்கைக் குளங்கள்தான் வில்பத்தின் உயிர். மணற்பாங்கான பள்ளங்களில் மழைநீர் தேங்கி உருவானவை; பெரும்பாலானவை நன்னீர், சில உப்பு. மாலையில் புள்ளிமான்கள் கரைக்கு இறங்கும், சேற்றில் முதலை கிடக்கும். சிறுத்தையும் கரடியும் உலவும் காடு. ஜீப்தான் வாகனம், குதிரைச் சவாரிக்கு இடமில்லை. அதுவே சரி.

1344இல் புத்தளத்தில் இறங்கிய பயணி இப்னு பதூதாவும் குதிரையில் போகவில்லை. பாவா ஆதம் மலைக்கு (சிவனொளிபாதமலை) செல்ல மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், உணவுப்பொருள் சுமக்க 15 பேரும் கொடுத்தனுப்பினார். முதல் நாள் அவர்கள் தங்கியது ஓர் ஆற்றங்கரையில். அந்த ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்தார்கள்.