முகப்பில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பாசிர் பெனம்பாங், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் சிலவற்றில் தாத்தாவின் சங்கிலிக் கடிகாரம் ஒன்று இன்னும் இருக்கும். அதிகாலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்த கங்காணியோ கிராணியோ சட்டைப் பையில் வைத்திருந்த கடிகாரம். தோட்டம் கைமாறி, குடும்பம் வீடு மாறும்போது அது அலமாரியை விட்டு வெளியே வருகிறது. அப்போதுதான் நாம் ஏமாறுகிறோம். அசல் வெள்ளிக் கடிகாரத்தை, "இது வெறும் நிக்கல்" என்று சொல்பவரிடம் ஐம்பது ரிங்கிட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். அல்லது, பெரிய பெயர் எழுதிய போலியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. முகப்பைப் பார்க்கிறோம், உள்ளே பார்ப்பதில்லை.

போலி என்றால் நேற்று செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நூறு ஆண்டு பழைய கடிகாரமும் போலியாக இருக்கலாம். 18-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் செய்த மலிவான கடிகாரங்களில் "இலண்டன்" என்று பொறித்து விற்றார்கள். அன்று இலண்டன் கடிகாரத்துக்கு மதிப்பு அதிகம், அதுதான் காரணம்.

நம் பாட்டனார் காலத்துக்கு இன்னும் நெருக்கமான கதை ரோஸ்கோப் கடிகாரத்தின் கதை. ஜார்ஜ் பிரெடரிக் ரோஸ்கோப் என்பவர் 1867-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு கடிகாரம் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயரே 'பாட்டாளி'. சாதாரணத் தொழிலாளி வாங்கக்கூடிய விலையில், 20 பிராங்கில், சரியாக நேரம் காட்ட வேண்டும் என்பது அவருடைய நோக்கம். உறுப்புகளைக் குறைத்தார்; மாணிக்கக் கல்லுக்குப் பதிலாக எஃகு ஊசிகளை வைத்தார். ஆனால் சுவிட்சர்லாந்தில் காப்புரிமைச் சட்டமே 1888-இல்தான் வந்தது. அதற்குள் பலரும் அவர் முறையைப் பார்த்துச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சிலர் "ரோஸ்கோப் முறை" என்று எழுதினார்கள். சிலர் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினார்கள். முகப்பில் ரயில் எஞ்சின் படம் போட்டவர்களும் உண்டு. படம் இருப்பதாலேயே அது ரயில்வே இலாகா கொடுத்த கடிகாரம் ஆகிவிடாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் புகழ்பெற்ற பி. ஓர் அண்டு சன்ஸ் கடை, வெளிநாட்டில் செய்த கடிகாரங்களில் தன் பெயரைப் பொறித்து விற்றது. முகப்பில் ஒரு பெயர், உள்ளே வேறொரு பெயர் என்றால் உடனே போலி என்று முடிவு கட்டக் கூடாது. முகப்பில் இருப்பது பெரும்பாலும் விற்றவர் பெயர். செய்தவர் யார் என்பதை உள்ளேதான் தேட வேண்டும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

முதலாவது, பின்மூடியின் உட்புறம். அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் அது இங்கிலாந்தின் 925 தர வெள்ளி முத்திரை. சுவிஸ் வெள்ளியில் 800 என்ற எண்ணுடன் காட்டுக்கோழி இருக்கும். அதைவிட உயர்ந்த தரத்தில் கரடி இருக்கும். "ஜெர்மன் சில்வர்" என்றிருந்தால் அதில் வெள்ளியே கிடையாது. தங்க நிற மூடியில் "20 ஆண்டு உத்தரவாதம்" என்றிருந்தால் அது மேலே தங்கத் தகடு போர்த்தியது. முழுத் தங்கத்துக்கு யாரும் ஆண்டுக் கணக்கில் உத்தரவாதம் தருவதில்லை. பொய் முத்திரை குத்தியவர்களும் இருந்தார்கள். ஆகவே தேய்ந்த ஓரங்களையும் பாருங்கள். அங்கே பித்தளை மஞ்சள் தெரிந்தால் முத்திரை சொல்வதை ஏற்காதீர்கள்.

இரண்டாவது, எந்திரம். "15 கல்" என்று எழுதியிருக்கிறதா? 'டிக் டிக்' ஓசை எழுப்பும் நங்கூர வடிவத் துண்டைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டச் சொல்லுங்கள். கல் இருக்க வேண்டிய இடத்தில் எஃகு ஊசிகள் நின்றால், எழுதியதை நம்ப முடியாது.

மூன்றாவது, எண்கள். நல்ல சுவிஸ் கடிகாரம் பலவற்றில் மூடியிலும் எந்திரத்திலும் ஒரே எண் இருக்கும். அமெரிக்கக் கடிகாரத்தில் எண் மாறியிருந்தால் பயம் வேண்டாம். அங்கே எந்திரத்தையும் மூடியையும் தனித்தனியே விற்பது வழக்கம்.

நான்காவது, முகப்பு. பழைய பீங்கான் பூச்சு முகப்பில் மயிரிழை விரிசல் இருப்பது இயல்பு. நூறு ஆண்டு பழைய மூடிக்குள் புத்தம் புதிதாக எழுத்து மின்னினால், அது பின்னால் மாற்றிய முகப்பாக இருக்கலாம்.

மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள். சில மூடிகள் திருகிக் கழற்றுபவை. வெள்ளி மூடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம், முத்திரை அழிந்துவிடும். விற்பதற்கு முன் முத்திரையையும் எண்ணையும் படம் எடுத்து, ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இரண்டு பேரிடமாவது காட்டுங்கள்.

ஒருவேளை உங்கள் தாத்தாவின் கடிகாரம் ரோஸ்கோப்பைப் பார்த்துச் செய்த நகல் என்றே தெரிய வந்தால்? சந்தையில் அதற்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் 1920-களில் தோட்டத்து ஆண் தொழிலாளியின் நாள் கூலி ஏறக்குறைய அரை வெள்ளிதான். அந்தக் கூலியில் மலிவுக் கடிகாரம் வாங்குவதே பெரிய செலவு. ஆகவே அது நகல் என்று தெரிந்ததும் தூக்கி எறியாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தாள் உதவும்.