கூலியும் சம்பளமும்

மாத முடிவில் நம் வீடுகளிலே தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: “சம்பளம் எடுத்தாயிற்றா?” தமிழகத்தார் இதனையே “சம்பளம் வாங்கியாயிற்றா?” என்பர். எடுப்பதாயினும் வாங்குவதாயினும், அச்சம்பளம் என்னும் சொல்லின் பொருள் யாது?

சம்பா நெல்லும் அளமும் சேர்ந்து சம்பளம் ஆயிற்றெனவும், முற்காலத்தில் நெல்லும் உப்பும் ஊதியமாக அளக்கப்பட்டன எனவும் கூறுவோர் உளர். கேட்டற்கு இனியதே, ஆயின் அளம் என்பது உப்பு விளையும் நிலம், உப்பன்று. வடமொழியிலே ‘சம்பலம்’ என்பது வழிச்செல்வோன் கொண்டுசெல்லும் கட்டுணவு. சம்பளம் அதனின்று பிறந்ததெனக் கொள்வதே பொருத்தமாகும். ஒரு மாதப் பயணத்துக்கு உரிய கட்டுச்சோறு என்றால், இல்லத்தரசியர் உடன்படுவர். பயணம் முடியுமுன் சோறு முடிந்துவிடுவதையும் அவர்களே நன்கறிவர்!

கூலி என்பதோ தமிழில் நெடுங்காலம் வழங்கும் சொல். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே, 619ஆம் குறளில், உடல் வருந்திய முயற்சியின் பயனை வள்ளுவர் கூலி என்றே குறித்தார். அங்கே இழிவின் சாயல் சிறிதும் இல்லை.

இழிவு பின்னர் வந்தது. தமிழிற் கூலி என்பது கொடுக்கப்படும் பொருள். அதனைப் பெறுபவர் கூலியாள். 19ஆம் நூற்றாண்டிலே நம் மலைநாட்டுத் தோட்டங்களின் ஆங்கில ஏடுகளோ, ஆளையே ‘கூலி’ என எழுதின. ஊதியத்தின் பெயர் மனிதர்மேல் ஏறிற்று. மனிதரின் பெயர் மறைந்தது. ஒரு தோட்டம் விட்டு மறு தோட்டம் போக விரும்பியவரை, அவர் தீர்க்கவேண்டிய கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டும் தொடர்ந்தது. 1921இற் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனம் விதிக்க வழிவகுத்தது. சட்டங்கள் மாறிய பின்னரும் அவ்வசைச்சொல் எளிதில் நீங்கவில்லை.

மாணவர்காள்! ஒருவரை இகழ்தற்குக் ‘கூலிக்காரன்’ என்னுஞ் சொல் நாவில் எழும்போது, இவ்வரலாற்றை நினைமின். வேலி அடைக்க வந்தவர் மாலையிற் கைகால் கழுவி முற்றத்தில் நிற்கிறார். அவர் கையில் நாம் வைக்கும் காசு ஈகையன்று. காலையிலிருந்து நாம் பட்ட கடன். அவர் எடுத்துச் செல்வது தம்முடையதையே.