கேஸ் மாத்திரை போட்டால் புற்றுநோய் பரவாதா? 'புரோட்டான் பம்ப்' பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சித்தூர், திருப்பதி பக்கம் எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் பான்டோப்ரசோல் கிடைக்கும். நம்ம ஊர் 'கேஸ் மாத்திரை'. புரோட்டான் பம்பைத் தடுப்பதுதான் அதன் வேலை. மார்பகப் புற்றுநோய் செல்கள் நகர்வதற்கும் புரோட்டான் பம்ப் உதவுகிறது என்பது ஆய்வகங்களில் தெரிந்த விஷயம். அப்படியென்றால் தினமும் ஒரு மாத்திரை போதுமா?

போதாது. முதலில், இரண்டும் வேறு வேறு பம்புகள்.

வயிற்றில் அமிலம் சுரப்பது ஒரு வகை. புற்றுநோய் ஆய்வில் அதிகம் பேசப்படுவது 'வி-ஏடிபேஸ்'. போர்வெல் மோட்டார் போல இது உண்மையாகவே சுழல்கிறது. ஏடிபிதான் இதற்கு கரண்ட். சாதாரண செல்லில் இது பெரும்பாலும் லைசோசோம் எனும் குப்பை அரைக்கும் பைகளில் இருந்து, அவற்றுக்குள் அமிலத்தை ஏற்றுகிறது.

சில புற்றுநோய் செல்களில் இந்த மோட்டார் வெளிச்சவ்வுக்கே வந்துவிடுகிறது. 2004-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஆய்வாளர்கள் இரண்டு மார்பகப் புற்றுநோய் செல் வகைகளை ஒப்பிட்டார்கள். வேகமாகப் பரவும் எம்டிஏ-எம்பி-231 வகையின் வெளிச்சவ்வில் பம்ப் அதிகம். அவ்வளவாகப் பரவாத எம்சிஎஃப்-7 வகையில் குறைவு. பம்பைத் தடுத்ததும் முதல் வகையின் நகர்வு குறைந்தது.

காரணம் இதுதான். பம்ப் அமிலத்தை வெளியே தள்ளும்போது செல்லைச் சுற்றிய பகுதி புளித்துப்போகிறது. ரத்தத்தின் பிஎச் சுமார் 7.4, கட்டியைச் சுற்றி 6.5 வரைகூட இறங்கும். அந்தப் புளிப்பில் கெதெப்சின் போன்ற நொதிகள் சுறுசுறுப்பாகி, சுற்றியிருக்கும் திசுவலையை அரித்து வழி விடுகின்றன. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும் இதே உத்தியைத்தான் பயன்படுத்துகின்றன. புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, உடம்பிலேயே இருந்ததைத் திருடிக்கொண்டது.

அப்போ பம்பையே நிறுத்திடலாமே? அங்கேதான் சிக்கல். உங்கள் எல்லா செல்களுக்கும் அது தேவை. ஆய்வகத்தில் பயன்படும் பாஃபிலோமைசின், மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு. அதனால்தான் புற்றுநோய் செல்லில் அதிகம் இருக்கும் பம்ப் வடிவத்தை மட்டும் குறிவைக்கப் பார்க்கிறார்கள்.

கேஸ் மாத்திரை வகையையும் சோதித்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஷாங்காய் ஆய்வில், ஏற்கெனவே பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு கீமோதெரபியுடன் எசோமெப்ரசோல் அதிக அளவில் தரப்பட்டது. நோய் முற்றும் காலம் தள்ளிப்போனது. ஆனால் அது சிறிய ஆய்வு, கீமோவும் கூடவே இருந்தது. நீங்களாக டோஸைக் கூட்ட இது காரணமே இல்லை.

குளோபோகான் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1.92 லட்சம், இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். பரவும் முன்பே கண்டுபிடித்தால் இந்த இரண்டாவது எண் குறையும். 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை என்பது மத்திய அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. திருப்பதியில் சுவிம்ஸ் மருத்துவமனையும், டாடா அறக்கட்டளை உதவியுடன் 2022-ல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன; சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சிஎம்சியும் பக்கம். கட்டி தட்டுப்பட்டால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.